விண்ணின் பெருநிறைக்கு வழி கண்ட சந்திரசேகர்

முன்னுரை

இரவு வானை அண்ணாந்து நோக்குவார்க்கு அங்கே பேரமைதி நிலவுவதாகத் தோன்றும். நேற்றுக் கண்ட விண்மீன் இன்றும் ஒளிர்கிறது; பாட்டன் கண்ட கார்த்திகைக் கூட்டத்தைப் பேரனும் காண்கிறான். எனினும் விண்ணில் நிலைத்து நிற்பது எதுவுமில்லை. நம் ஞாயிறே தன் கோள்களை அழைத்துக்கொண்டு பால்வீதி மண்டலத்தின் நடுவத்தைச் சுற்றி ஓடுகிறது. ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கொண்ட அம்மண்டலத்தின் நடுவில், ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 43 இலட்சம் மடங்கு நிறை கொண்ட கருந்துளை ஒன்று உறைகிறது.

ஒளியும் மீண்டு வர இயலாத அளவுக்கு ஈர்ப்பு மிகுந்த இடமே கருந்துளை எனப்படும். பெரிய விண்மீன் மண்டலங்களுள் பெரும்பாலானவற்றின் நடுவில் இத்தகைய பெருங்கருந்துளை ஒன்று இருப்பதாக வானியலார் கண்டுள்ளனர். அது நடுவில் அமர்ந்திருப்பது ஏன்? அங்கே எவ்வாறு வந்து சேர்ந்தது? என்றேனும் தான் வாழும் மண்டலத்தை விட்டு நீங்கிச் செல்ல அதற்கு இயலுமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவோர், 1943ஆம் ஆண்டில் வெளிவந்த சில கட்டுரைகளை நாடியே ஆகவேண்டும். அவற்றை எழுதியவர் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் என்றவுடன் அவர் பெயரால் வழங்கும் எல்லையே பலர் நினைவுக்கும் வரும். பெருநிறைகள் விண்ணில் நகரும் முறை பற்றி அவர் கண்ட மற்றோர் உண்மை அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அவ்விரண்டையும் அவர்தம் வாழ்வோடு இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் பதவி வகித்தவர். தாயார் சீதாலட்சுமி கல்வியில் தணியாத வேட்கை கொண்டவர். நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சன் இயற்றிய ‘பொம்மை வீடு’ என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். தந்தையாரின் இளவல் சர் சி.வி. இராமன், 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் என்பது யாவரும் அறிந்ததே.

1918இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பெரிய பள்ளிவாசலும் ஒரே பேட்டையில் விளங்கும் திருவல்லிக்கேணியின் இந்து உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். 1925 முதல் 1930 வரை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தார். 1928இல் செருமானிய அறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, அவரைத் தேடிச் சென்று சந்தித்தார் இளைஞர் சந்திரசேகர். அதுவரை தாம் கற்ற அணுவியல் பழமைப்பட்டுவிட்டது என்பதை அச்சந்திப்பு அவருக்கு உணர்த்தியது. வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பார். அவரோ புதிய இயற்பியலைத் தாமே கற்று, மாணவப் பருவத்திலேயே ஆய்வுக் கட்டுரை எழுதி, இலண்டன் இராயல் கழக வெளியீட்டில் இடம்பெறச் செய்தார்.

கப்பலில் பிறந்த கணக்கு

அரசு உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பு வந்தது. அந்நாளில் தாயார் கடும் நோயுற்றிருந்தார். எனினும் மகன் தன் பொருட்டுத் தங்கிவிடலாகாது என்று வற்புறுத்தி அவரே வழியனுப்பி வைத்தார். 1930 ஜூலை 31ஆம் நாள் பம்பாயில் கப்பலேறிய மகன் தாயை மீண்டும் காணவில்லை. 1931 மே மாதத்தில் தாயார் மறைந்த செய்தி, கேம்பிரிட்ஜில் தனித்திருந்த மகனைச் சென்றடைந்தது.

அக்கடற்பயணத்தின்போது அவருக்கு வயது பத்தொன்பது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் என்ன ஆகும் என்னும் வினா அவர் உள்ளத்தை நிறைத்திருந்தது. ஞாயிற்றின் நிறையைப் புவியின் அளவுக்குள் அடக்கிக்கொண்ட வெண்குறுமீன்கள் சில அந்நாளில் அறியப்பட்டிருந்தன. அவற்றினுள் நெருக்குண்ட எலக்ட்ரான்களின் அழுத்தமே அவை மேலும் நொறுங்காமல் தாங்கி நிற்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபவுலர் 1926இல் விளக்கியிருந்தார். அவ்விளக்கத்தோடு ஐன்ஸ்டீனின் சார்பியலையும் சேர்த்துக் கணக்கிட்டார் சந்திரசேகர். எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது அவற்றின் தாங்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டென்று கணக்கு காட்டியது. பின்னர்ச் செம்மை செய்யப்பெற்ற அளவின்படி, அவ்வெல்லை ஞாயிற்று நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்காகும். அதற்கு மேற்பட்ட நிறையுடையது வெண்குறுமீனாக ஓய்வு பெற இயலாது. மேலும் சுருங்கியே தீரும். நியூட்ரான் விண்மீன், கருந்துளை ஆகிய முடிவுகளுக்கான வாயில் அக்கணக்கால் திறந்தது.

இலண்டன் அவையில்

1933இல் முனைவர் பட்டம் பெற்ற சந்திரசேகர், அவ்வாண்டே டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுநர் பெருமைக்கும் உரியவரானார். கணிதமேதை இராமானுஜனுக்குப் பின் அப்பெருமையைப் பெற்ற இந்தியர் அவரே. தம் கணக்கை முழுமையாக வளர்த்தெடுத்து, 1935 சனவரி 11ஆம் நாள் இலண்டன் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் அதனை அறிஞர் முன் வைத்தார்.

அவரை அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். விண்மீன்களின் உள்ளமைப்பை உலகுக்கு விளக்கியவர். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டீன் கோட்பாட்டுக்குச் சான்று கண்ட குழுவை வழிநடத்தியவர். அந்நாளைய வானியல் உலகில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. சந்திரசேகரின் கணக்கு வளர்ந்த விதத்தை அவர் அருகிருந்து அறிந்தே இருந்தார். அவரோ அன்று அக்கோட்பாட்டின் அடிப்படையே பிழையென்றும், விண்மீன் அவ்வாறு சுருங்கி மறைவது நகைப்புக்குரியதென்றும் பேசினார். அவையோர் நகைத்தனர். இருபத்து நான்கு வயது இளைஞருக்கு மறுமொழி கூறவும் வாய்ப்புக் கிட்டவில்லை.

பாலி போன்ற இயற்பியல் அறிஞர்கள் சந்திரசேகர் பக்கமே உண்மை உள்ளதென்று தனிமையில் ஒப்பினர். ஆயினும் வெளிப்படையாக எடிங்டனை எதிர்த்து எழுத அப்போது முன்வரவில்லை. ஒரு பெரியவரின் தவறான சொல்லைக் காட்டிலும், உண்மை தெரிந்தவர்கள் காத்த மௌனமே அன்று கூடுதல் தீங்கு விளைத்தது எனலாம். கருந்துளை பற்றிய ஆராய்ச்சி வானியலின் நடுக்கூடத்துக்கு வந்துசேர மேலும் பல ஆண்டுகள் சென்றன.

அமெரிக்கப் பயணம்

1936இல் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் தம்மோடு இயற்பியல் பயின்ற லலிதாவை மணந்தார். 1937இல் அமெரிக்கா சென்று, சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியேற்றார். விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்னும் சிற்றூரில் அது அமைந்துள்ளது. அவர் நிறத்தைக் காரணம் காட்டி, சிகாகோவில் அவர் பாடம் நடத்துவதற்கு ஒருவர் தடை சொன்னபோது, பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அத்தடையைப் புறந்தள்ளினார். அப்பல்கலைக்கழகத்திலேயே தம் வாழ்நாள் முழுதும் சந்திரசேகர் பணியாற்றினார்.

வெண்குறுமீன் வழக்கை அவர் மேடைதோறும் எடுத்துச் செல்லவில்லை. தாம் கண்டதையெல்லாம் ‘விண்மீன் அமைப்பு ஆய்வுக்கு ஓர் அறிமுகம்’ என்னும் நூலில் 1939இல் முறைப்பட எழுதி வைத்துவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். ஒரு துறையில் ஆழ்ந்து பல்லாண்டு உழைத்தல், உழைப்பின் பயனை ஒரு நூலாக்கல், பின் அத்துறையை விட்டு நீங்கிப் புதியதொன்றைத் தொடக்கத்திலிருந்து கற்றல் ஆகிய இதுவே அவர்தம் வாழ்க்கை நெறியாயிற்று. அடுத்து அவர் நாடியது விண்மீன்களின் இயக்கவியல்.

இயக்க உராய்வு

நீரில் மிதக்கும் நுண்துகள் ஓயாது அலைக்கழிவதை அறிவியல் மாணவர் அறிவர். நீர் மூலக்கூறுகள் நாற்புறமும் மோதுவதால் விளையும் அசைவு அது. அத்துகளின்மீது இருவகை விளைவுகள் உண்டு. ஒன்று, இப்பக்கமும் அப்பக்கமும் தள்ளும் தற்செயல் மோதல். மற்றொன்று, துகளின் ஓட்டத்தைத் தணிக்கும் தடை. இவ்விரண்டும் சமன்பட்டாலன்றித் துகளின் வேகம் வரம்பின்றிப் பெருகிக்கொண்டே போகும்.

விண்மீன் கூட்டத்தினுள் ஓடும் ஒரு விண்மீனும் அத்தகையதே என்று கண்டார் சந்திரசேகர். விண்மீன்கள் ஒன்றையொன்று தொட்டு மோதுவது மிக அரிது. ஆயினும் ஒவ்வொன்றும் அருகில் கடந்து செல்வதைத் தன் ஈர்ப்பால் சற்றே அசைக்கிறது. இத்தற்செயல் அசைவுகள் மட்டுமே உண்மையாயின், விண்மீன்கள் விரைவில் வேகம் மிகுந்து கூட்டத்தை விட்டுச் சிதறியிருக்க வேண்டும்; கார்த்திகை போன்ற கூட்டங்கள் நீடித்திரா. ஆகவே வேகத்தைத் தணிக்கும் தடையொன்றும் அங்கே செயற்பட வேண்டும். காற்றோ நீரோ இல்லாத வெளியில் அத்தடை எங்கிருந்து வரும்?

ஈர்ப்பிலிருந்தே அது வருகிறது என்பதே அவர் கண்ட விடை. பெருந்திரளின் நடுவே மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் நடந்து செல்வதாகக் கொள்வோம். அவரைக் கண்டோர் அவரை நோக்கி நகர்கின்றனர். அவர்கள் நெருங்கி வருவதற்குள் அவர் சில அடிகள் முன்னே சென்றுவிடுகிறார். அதனால் கூட்டம் அவருக்கு முன்னே திரளாமல் பின்னே திரள்கிறது. பின்னே திரண்டவர்களின் அன்புப்பிடி அவர் நடையைத் தளர்த்துகிறது. விண்மீன்களினூடே செல்லும் பெருநிறைக்கும் இதுவே நிகழ்கிறது. அது ஈர்த்த விண்மீன்கள் அதன் பின்னே அடர்ந்து, படகின் பின் நீளும் நீர்த்தடம் போல் ஒரு தடமாகின்றன. அத்தடத்தின் ஈர்ப்பு அதனைப் பின்னோக்கி இழுக்கிறது. இதற்கு இயக்க உராய்வு என்று பெயரிட்டு, 1943இல் தொடர்ச்சியாக மூன்று கட்டுரைகள் எழுதினார். கூட்டங்களினின்று விண்மீன்கள் தப்பிச் செல்லும் வீதம் என்ன என்பதே அவற்றுள் பிற்பகுதியின் பொருள். எனவே தங்குதல், தப்புதல் என்னும் இரண்டையும் ஒருங்கே நோக்கியவர் அவர்.

அவர் வகுத்த சூத்திரத்தில் இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. முதலாவது, நிறை மிகுந்தால் தடையும் மிகும். பத்து மடங்கு நிறையுடையது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு காலத்திலேயே நடுவத்தை நோக்கி அமிழும். இரண்டாவது, மெல்லச் செல்வதன்மீது தடை வேகத்துக்கேற்பக் கூடும். சுற்றியுள்ள விண்மீன்களைவிட மிக விரைந்து செல்வதன்மீதோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். விரைந்து ஓடுவதைச் சுற்றம் பற்றிக்கொள்ள நேரம் இராது என்பதே இதன் கருத்து.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த அவ்வாண்டில், மேரிலாந்து மாநிலத்தின் படைக்கல ஆய்வுக் களத்திலும் அவர் பகுதிநேரப் பணியாற்றி வந்தார் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

மண்டலத்தின் நடுவே

சந்திரசேகர் இச்சூத்திரத்தை வகுத்தபோது பெருங்கருந்துளை என்னும் கருத்தே தோன்றவில்லை. விண்மீன்களுக்காக எழுதப்பெற்ற அது, தனக்குரிய பெரும்பொருள் வந்துசேரும்வரை காத்திருந்தது. 1963இல் குவேசார் என்னும் பேரொளிப் பொருள்களின் தொலைவு அறியப்பட்டது. அவற்றின் ஆற்றலுக்குப் பெருங்கருந்துளைகளே மூலம் என்ற கருத்து அடுத்த ஆண்டே எழுந்தது. ஒளி அவிந்த குவேசார்கள் மண்டலங்களின் நடுவில் உறையக்கூடும் என 1969இல் லிண்டன் பெல் எழுதினார். நம் மண்டலத்தின் நடுக்கருந்துளையை விண்மீன்களின் ஓட்டத்தைக் கொண்டு நிறுவிய கென்சல், கெஸ் ஆகிய இருவரும், கருந்துளைக் கோட்பாட்டுக்காகப் பென்ரோசும் 2020இல் நோபல் பரிசு பெற்றனர்.

அந்நடுவில் ஒரு காட்சி எண்ணத்தக்கது. எஸ்2 என்னும் விண்மீன் பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை கருந்துளையைச் சுற்றுகிறது. 2018இல் மிக அணுகியபோது நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது பாய்ந்தது. அதனைச் சுற்றவைக்கும் கருந்துளையோ பால்வீதியின் தளத்துக்குச் செங்குத்தாக நொடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்கும் அசைவதாகத் தெரியவில்லை. எளிய நிறை ஓடுகிறது; பெருநிறை அமர்ந்திருக்கிறது. இவ்வமர்வுக்கு இயக்க உராய்வே காவல்.

நம் மண்டலத்துக்கு அண்மையிலுள்ள பெரிய மண்டலமான ஆந்திரமேதையை ஒரு சிறு மேகமாகக் குறித்து வைத்தவர், பத்தாம் நூற்றாண்டுப் பாரசீக வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அல்சூஃபி. அவர் மேகமெனக் கண்ட அத்தகைய மண்டலங்களும் தனித்தே வாழ்வதில்லை. ஒன்றையொன்று ஈர்த்து இணைகின்றன. இரு மண்டலங்கள் இணையும்போது ஒவ்வொன்றும் தன் நடுக்கருந்துளையை உடன் கொணர்கிறது. அவ்விரு கருந்துளைகளும் விண்மீன் திரளினூடே அலைந்து, இயக்க உராய்வால் வேகம் தணிந்து, புதிய மண்டலத்தின் நடுவை நோக்கி அமிழ்கின்றன. இறுதியில் ஒன்றையொன்று சுற்றும் இணையாகின்றன. இவ்வரலாற்றைப் படிப்படியாக 1980இல் விளக்கியவர்கள் பெகல்மன், பிளாண்ட்ஃபோர்டு, ரீஸ் ஆகிய மூவர்.

இணைந்த பின் உராய்வு பயன்படாது. அருகே வரும் விண்மீன்களைக் கவண்கல் போல் வீசியெறிந்து, அவ்வீச்சுக்குத் தம் ஆற்றலைச் செலவிட்டு, இரண்டும் மேலும் நெருங்குகின்றன. ஏறத்தாழ மூன்று ஒளியாண்டுத் தொலைவளவில், வீசியெறிய விண்மீன்கள் தீர்ந்துபோனால் நெருக்கம் தடைப்படலாம். இத்தடையைக் கடக்கும் வழிகள் இன்றும் ஆராயப்படுகின்றன. அதனையும் கடந்துவிட்டால் ஈர்ப்பு அலைகள் எஞ்சிய ஆற்றலைக் கவர்ந்துகொள்ள, இரண்டும் ஒன்றாகும்.

தப்பிச் செல்லும் கருந்துளை

ஒன்றாகும் அக்கணத்திலேதான் நீங்குதலும் நிகழக்கூடும் என்பது வியப்புக்குரிய செய்தி. தோணியிலிருந்து கரைக்குத் தாவுகிறவன் தோணியைப் பின்னே தள்ளிவிடுகிறான். ஈர்ப்பு அலைகளும் தம்முடன் உந்தத்தை எடுத்துச் செல்கின்றன. இரு கருந்துளைகளும் நிறையிலும் சுழற்சியிலும் முற்றும் ஒத்திராவிடில், அலைகள் ஒரு திசையில் கூடுதலாகப் பாய்ந்து, புதிதாய்ப் பிறந்த கருந்துளையை எதிர்த்திசையில் உதைத்துத் தள்ளும்.

அவ்வுதையின் வலிமையை அறியக் கணிப்பொறிகளின் வளர்ச்சிக்காகக் காத்திருக்க நேர்ந்தது. 2005இல் இரு கருந்துளைகள் இணைவதை முதன்முறையாக முழுமையாகக் கணித்துக் காட்டினார் பிரிட்டோரியஸ். சுழற்சியற்ற கருந்துளைகளாயின் நொடிக்கு 200 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமே கிட்டும் என்றும், சுழற்சிகள் தக்கவாறு அமைந்தால் நொடிக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வரை செல்லும் என்றும் 2007ஆம் ஆண்டளவில் கணிக்கப்பட்டது. புவியை விட்டு நீங்க நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் போதும். ஞாயிறு இருக்குமிடத்திலிருந்து பால்வீதியை விட்டு நீங்க நொடிக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர் வேண்டும். எனவே பெரும் உதை பெற்ற கருந்துளையைப் பெரிய மண்டலமும் கட்டிவைக்க இயலாது. சிறிய மண்டலங்களோ எளிய உதைக்கே தம் கருந்துளையை இழந்துவிடும். மூன்றாவதாக ஒரு கருந்துளை வந்துசேரும்போது, மூன்றனுள் எளியது வெளியே வீசப்படுதலும் உண்டு.

உதை போதாதாயின் என்ன நிகழும்? கருந்துளை நடுவிட்டு நெடுந்தொலைவு சென்று, தயங்கி, மீண்டு, நடுவைக் கடந்து மறுபுறம் செல்லும். ஊசல் போல் அலையும் அதனைச் சந்திரசேகரின் உராய்வு ஒவ்வோர் அலைவிலும் சிறிது சிறிதாகத் தணித்து, மீண்டும் நடுவில் இருத்தும். மிக விரைந்து செல்வதை அவ்வுராய்வு பற்றாது என்று முன்னர்க் கண்டோம். ஆகவே ஒரு கருந்துளை மீளுமா, மீளாதா என்பதற்கு உதையின் வேகம், மண்டலத்தின் ஈர்ப்பு, 1943ஆம் ஆண்டின் சூத்திரம் ஆகிய மூன்றுமே விடை சொல்ல வேண்டும்.

நீங்கிச் செல்லும் கருந்துளை வெறுங்கையோடு செல்வதில்லை. தன்னை மிக நெருங்கிச் சுற்றும் விண்மீன்களையும் வளிமப் பொருளையும் உடன்கொண்டே செல்லும். அதனால் வெளியேறிய பின்னும் சிலகாலம் ஒளிரும். அவ்வொளியைக் கொண்டே வானியலார் அவற்றைத் தேடுகின்றனர். 3சி 186 என்னும் குவேசார், தன் மண்டலத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 35,000 ஒளியாண்டு விலகி, நொடிக்கு ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாக 2017இல் ஹபிள் தொலைநோக்கி வழி அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2 இலட்சம் ஒளியாண்டு நீளமுள்ள ஒளிக்கீற்றொன்று, தப்பியோடும் கருந்துளையின் பின்னே பிறந்த விண்மீன்களின் தடமாகலாம் என 2023இல் ஓர் ஆய்வுக் குழு எழுதியது. பக்கவாட்டில் தோன்றும் மெல்லிய மண்டலமே அது என்று வேறு சிலர் வாதிட்டனர். அவையில் எழும் மறுப்புக்குச் சான்றே விடையாக வேண்டும் என்னும் நெறி இன்று பேணப்படுவது மகிழ்ச்சிக்குரியது.

பிற்காலமும் பெருமையும்

சந்திரசேகர் 1944இல் இராயல் கழக உறுப்பினரானார். 1952 முதல் 1971 வரை ‘வானியற்பியல் ஆய்விதழ்’ என்னும் புகழ்பெற்ற இதழின் ஆசிரியராக இருந்து, அதனை உலகத் தரத்துக்கு உயர்த்தினார். 1968இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது வழங்கியது. இளமையில் தாம் வாயில் திறந்துவிட்ட பொருளுக்கே முதுமையில் மீண்டு, ‘கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு’ என்னும் பெருநூலை 1983இல் வெளியிட்டார். அவ்வாண்டே நோபல் பரிசும் வந்தது. கப்பலில் கணக்கிட்ட இளைஞருக்கு அப்போது எழுபத்து மூன்று வயது.

அவர் எடிங்டனை எவ்வாறு நினைவுகூர்ந்தார் என்பது அறிவைக் காட்டிலும் பண்பைக் காட்டுவது. 1944இல் எடிங்டன் மறைந்தபோது அவர் பெருமையைப் போற்றி உரையாற்றினார். 1982இல் எடிங்டன் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவுகள் நிகழ்த்தி, தம் காலத்து வானியற்பியலாருள் தலைசிறந்தவர் அவரே என நிறுவினார். அவர் பிழையை மறைக்கவுமில்லை. அப்பிழையால் அவர் பெருமையை மறக்கவுமில்லை.

1995 ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் சந்திரசேகர் மறைந்தார். 1999 ஜூலையில் அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் ‘சந்திரா’ என்று பெயரிட்டனர். ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மண்டலமொன்றில், நடுவை விட்டு உதைத்துத் தள்ளப்பட்டதாகக் கருதத்தக்க கருந்துளை பற்றி 2012இல் சான்று தந்தது அத்தொலைநோக்கியே. கருந்துளைகள் பிறக்க வழியுண்டு என்றும், பெருநிறைகள் நகரும் முறை இது என்றும் கூறியவரின் பெயரைத் தாங்கிய கருவி, அவை தப்பிச் செல்வதையும் தேடிக் காண முனைந்தது பொருத்தமே.

நிறைவுரை

விண்மீன் மண்டலம் தன் பெருநிறையை நடுவில் இருத்திப் போற்றுகிறது. சிலபோது உதைத்து வெளியேற்றியும் விடுகிறது. மனிதர்தம் அறிவுலகமும் அத்தகையதே. இலண்டனில் பெற்ற அடி, சந்திரசேகரை இங்கிலாந்தினின்று நீங்கச் செய்த காரணங்களுள் ஒன்று. அவர் வெறுங்கையோடு செல்லவில்லை. தம்மோடு நெருங்கிப் பிணைந்த அறிவை உடன்கொண்டு சென்று, சென்ற இடத்தில் ஒளிர்ந்தார்.

மாணவர்க்கு இவ்வாழ்வு கூறும் அறிவுரை தெளிவானது. கணக்கு சரியாக இருந்தால் நகைப்புக்கு அஞ்சவேண்டா. அதனை முறையாக எழுதி வைத்துவிட்டு அடுத்த பணிக்குச் செல்லுங்கள். ஆசிரியராகிய எமக்கு அது கூறும் அறிவுரை அதனினும் கடுமையானது. வகுப்பறையில் ஒரு மாணவன் எழுந்து, நாம் இதுவரை கேளாத ஒன்றைக் கூறும்போது, நம் நகைப்பு அவையின் நகைப்பாகிவிடும். எடிங்டன் போன்ற பேரறிஞரே பிழைபட்ட இடம் அது. அவ்விடத்தில் சற்றுப் பொறுத்து, அவன் கணக்கை வாங்கிப் பார்ப்பதே ஆசிரியர்க்கு அழகு. சந்திரசேகர் உலகை விட்டுச் சென்ற பின்னும் அவர் சூத்திரம் விண்ணில் பெருநிறைகளின் வழியைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதுபோன்ற வேறொரு சூத்திரம் நம் வகுப்பறையின் கடைசி வரிசையில் ஒரு மாணவனின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கலாம்.